திங்கட்கிழமை காலமை

நான் வேலை பார்த்த கடையில் இப்போது ஆர்டர் சீட்டு கிடையாது, எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. போன மாதம் பழைய முதலாளியின் பேத்தி போன் செய்தாள். "அங்கிள், பழைய சீட்டுல இருந்த மாதிரியே கம்ப்யூட்டர்லயும் முதல் கேள்வியா 'படத்தில் உள்ளவர் நலமாக இருக்கிறாரா'ன்னு இருக்கு. கஸ்டமர்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க லா. எடுத்துடவா?" என்றாள். எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி அங்கே வந்ததற்கு நான்தான் காரணம். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

படங்களுக்கு பிரேம் போடுவது என் தொழில். முப்பத்தெட்டு வருடம் ஒரே கடை, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில். வந்த வேலையில் பாதி சாமி படங்கள். மீதி கல்யாணப் படங்களும் இறந்தவர்களின் படங்களும். மூலை இடைவெளி இல்லாமல் சேரும்படி மரம் அறுக்க இரண்டு வருடம் பிடித்தது, கண்ணாடி வெட்ட ஒரு வருடம். விரல்களில் மூன்று தழும்பு இருக்கிறது. நான் கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான், அதை நீட்ட விரும்பவில்லை.

நீட்ட வேண்டியது காதர் பாயைப் பற்றி. பட்டறைக்குத் தலைமை ஆள் அவர், கடையநல்லூர்க்காரர், அப்போது நாற்பது வயதிருக்கும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை செய்யும் எங்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். மேசைமேல் ஏறிப் படுக்கும் கடைப் பூனையிடம்கூட, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். எதையும் மூன்று முறை அளப்பார். இரண்டு முறை போதாதா என்று கேட்டால், "முதல் ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு மூணாவது பார்த்துச் சொல்லும்" என்பார். சாமி படம் என்றால் கை கழுவிவிட்டுத்தான் தொடுவார். பின்பலகை அடிக்கப் படத்தைக் கவிழ்க்க வேண்டுமே, அதற்கென்று ஒரு வெள்ளைத் துணி தனியாக வைத்திருந்தார். அந்தத் துணியில் வேறு எதையும் வைக்க விடமாட்டார். இவ்வளவும் செய்யும் மனிதர், பொட்டு வைக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். "அது உங்க கைவேலை முத்தையா. நான் செஞ்சா சரியா இருக்காது."

இறந்தவர் படம் என்றால் எங்கள் கடையில் பொட்டு வைத்துத்தான் கொடுப்போம். துக்க வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி. கண்ணாடியை நன்றாகத் துடைத்து, நெற்றி வரும் இடத்தில் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அது பாதி காயும்போது நடுவில் குங்குமம் வைப்பேன். பிறகு சந்தன மாலை ஒன்றைச் சாத்தி, பழுப்புக் காகிதம் சுற்றிவிடுவேன். உயிரோடு இருப்பவர் படத்துக்கு இதெல்லாம் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஐம்பதுகளின் பின்பாதி. ஒரு வியாழக்கிழமை இராசநாயகம் மாஸ்டர் ஒரு படத்தோடு வந்தார். காத்தோங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். புதுப் பாணியில் வரைகிறவர் என்று பெயர். அவர் வரைந்த வாழைப்பழத்தைப் படகு என்று நினைத்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். தன் படங்களுக்குத் தானே நாலு கட்டையை அடித்துக்கொள்வார். இந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல பிரேம் வேண்டும் என்று முதல் முறையாக எங்களிடம் வந்திருந்தார்.

எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த ஓர் ஆளின் படம். முகம் நீலம். நீலத்திலும் நல்ல நீலம் இல்லை, சாம்பல் கலந்த நீலம். கண்கள் மூடியிருந்தன, அல்லது அப்படி எனக்குத் தெரிந்தது. முகம் நடுவில் இல்லாமல் இடது ஓரமாக ஒதுங்கியிருந்தது. கைகள் மட்டும் முகத்தைவிடப் பெரியவை.

"யாருங்க மாஸ்டர் இவரு?" என்றேன்.

"என்ர கூட்டாளி. அவரும் ஓவியர்தான். திங்கட்கிழமை காலமை ஆசுப்பத்திரியிலை…"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடை வாசலில் லாரியிலிருந்து இரும்புக் கம்பிகளை இறக்கினார்கள். மாஸ்டர் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட மட்டும் போதும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலமாகியிருக்கிறார், ஆஸ்பத்திரியில்.

"ஐயோ, பாவம்" என்றேன்.

"ஓம். சரியான பாவம்" என்றார் அவர். "ஞாயிறு பின்னேரத்துக்குள்ளை வேணும். அவற்ற மனுசி வந்து எடுப்பா, நானும் வருவன்."

அவருடைய ஊர்ப் பேச்சில் காலமை என்றால் காலை நேரம், மனுசி என்றால் மனைவி. இரண்டுமே அன்றைக்கு எனக்குத் தெரியாது. சீட்டில் 'காலமானவர்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பெருமை வேறு.

வேலையைக் காதர் பாய்தான் எடுத்தார். விரலால் தொடாமல், பக்கவாட்டில் குனிந்து படத்தைப் பார்த்தார். "சாயம் மேடு மேடா நிக்குது. கண்ணாடி இதுல ஒட்டக்கூடாது" என்று சொல்லி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே நாலு பக்கமும் மெல்லிய மரச்சட்டம் வைத்தார். கண்ணாடி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி இல்லாத படம் எங்கள் கடையை விட்டு வெளியே போனதே இல்லை. சனிக்கிழமை மாலை பிரேம் என் கைக்கு வந்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், மாலை சாத்தினேன். நீல முகத்தில் அந்தச் சிவப்பு நன்றாக எடுத்துக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மத்தியானம் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் வந்தார். தலையில் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். "செம்பவாங்ல இருந்து வர்றேன். இராசநாயகம் மாஸ்டர் குடுத்த படம்" என்றார். பூவும் பொட்டுமாக இருந்ததால் இறந்தவரின் தங்கையாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் படத்தை எடுத்து வந்து, காகிதத்தைப் பிரித்து, அவர் முன்னால் நிமிர்த்தி வைத்தேன். துக்கம் விசாரிப்பதுதானே முறை.

"திங்கக்கிழமைதான் ஆச்சாமே?" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குத்தானே திங்கக்கிழமை?" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. கூடை கீழே விழுந்து கத்தரிக்காய்கள் உருண்டன. "அவர் உசிரோட இருக்காரு. காலையில சாப்பாடு போட்டுட்டு வந்தேன். நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன். அவருக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்களே!" என்று சத்தம் போட்டவர், அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் சரோஜா. படத்தில் இருப்பவர் அவர் கணவர் நடராசன், செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்கு எழுத்து எழுதும் பெயின்டர். வேலை முடிந்த நேரத்தில் ஓவியம் வரைகிறவர். காசநோய் ஒரு பக்க நுரையீரலைத் தின்றிருந்தது. விலா எலும்புகளை எடுத்தால்தான் பிழைப்பார், எடுத்தாலும் உறுதியில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் முகமாவது இருக்கட்டும் என்று மாஸ்டர் வரைந்து கொடுத்த படம் அது. இதையெல்லாம் அழுகைக்கு நடுவேதான் அவர் சொன்னார்.

காதர் பாய் பட்டறையிலிருந்து வந்தார். சீட்டைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையை மெல்ல எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தப்பு கடையோடதும்மா. என் பட்டறையில நடந்தது, நான்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்துப் பொட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அழிக்காதீங்க!"

சரோஜா எழுந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்து மறித்தார். "நாளைக்கு அவரு மேல கத்தி வைக்கப்போறாங்க. இன்னைக்கு என் கண்ணு முன்னாடி குங்குமத்தை அழிப்பீங்களா?"

பாய் கையை இழுத்துக்கொண்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். பொட்டு இருந்தால் அவர் செத்தவர். பொட்டை அழித்தால் இந்தம்மா தாலியறுத்தவர். கண்ணாடியை உடைத்து எடுத்தால் அதைவிட மோசம். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, கடையில் விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை. மூடநம்பிக்கை என்று இன்றைக்குச் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டீர்கள். அந்த ஆளுக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுளுக்கும் அது என் மோதிர விரல் செய்த வேலைதான் என்று நினைத்தேன். உண்மையிலேயே பயந்தேன்.

அப்போதுதான் இராசநாயகம் மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார்.

"என்ன இது? கண்ணாடி ஏன் போட்டனீங்கள்? எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடுறேல்லை."

காதர் பாய் தலை நிமிர்ந்தது. "கண்ணாடி வேணாமா?"

"வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், முகம் தெரியாது."

"பொட்டு கண்ணாடியிலதாம்மா இருக்கு" என்றார் பாய் சரோஜாவிடம். "படத்துல இல்ல. கண்ணாடியை எடுத்துட்டா யாரும் எதையும் அழிக்க வேண்டாம்."

சரோஜா யோசித்தார். "அப்ப அந்தக் கண்ணாடியை என்ன பண்ணுவீங்க? குப்பையில போடுவீங்களா?"

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் பாய்.

அந்த ஒரு மணி நேர வேலையைத்தான் நான் இத்தனை வருடம் மனதில் வைத்திருக்கிறேன். பிரேமைக் கவிழ்த்துத்தான் பிரிப்போம். கவிழ்த்தால் பொட்டு கலையும். அதனால் என்னை பிரேமை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் மண்டியிட்டு ஒவ்வோர் ஆணியாகக் குறட்டால் உருவினார். பலகை வந்தது, படம் வந்தது, சட்டம் வந்தது. கடைசியில் கண்ணாடி பின்பக்கமாக நழுவி அவர் உள்ளங்கைகளில் வந்து நின்றது. சாயம் துளியும் அதில் ஒட்டவில்லை. மூன்று நாள் முன்னால் அவர் குனிந்து பார்த்தாரே, அதன் பலன்.

பிறகு கை கழுவிக்கொண்டு பரணில் ஏறினார். சாமி படக் கட்டிலிருந்து ஒரு மாரியம்மன் படத்தை எடுத்து வந்தார். கண்ணாடியை இரண்டு கட்டைகளின் மேல், பொட்டு மேலே இருக்கும்படி படுக்க வைத்தார். அடியில் வெளிர்மஞ்சள் அட்டை, அட்டையின்மேல் அம்மன். அம்மனை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார், அம்மனின் நெற்றி என் பொட்டுக்கு நேர் கீழே வரும்வரை. மேலிருந்து அளந்தார், இடப்பக்கமிருந்து அளந்தார். மூன்று முறை. நாலு மூலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துப் படத்தை ஒட்டினார். புதிய பிரேமுக்கு ஆணி அடிப்பதையும் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தே செய்தார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒரு துகள் குங்குமம் உதிரவில்லை.

நிமிர்த்திப் பார்த்தால் அம்மன் நெற்றியில் பொட்டு, வைத்தது போல அல்ல, அங்கேயே பிறந்தது போல இருந்தது. ஒரே ஒரு குறை. நடராசன் முகம் இடது ஓரத்தில் இருந்ததால் அம்மனும் இடது ஓரத்துக்கு வந்துவிட்டாள். வலப்பக்கம் வெறும் அட்டை.

சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "அம்மா தள்ளி உக்காந்திருக்காளே?" என்றார்.

"பக்கத்துல ஒருத்தர் உக்கார இடம் விட்டிருக்காங்கன்னு வச்சுக்குங்கம்மா" என்றார் காதர் பாய்.

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்காய்களைப் பொறுக்கினார். அப்போதுதான் கண்ணாடி இல்லாமல் நின்ற அந்த ஓவியத்தை நான் முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். கண்கள் மூடியிருக்கவில்லை, தாழ்ந்திருந்தன. கையில் இருக்கும் தூரிகையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தன. "முகம் ஏன் மாஸ்டர் நீலம்?" என்று கேட்டேன். "கப்பலின்ர பக்கத்திலை நிண்டு எழுத்து எழுதேக்கை இவற்ற முகத்திலை விழுற வெளிச்சம் இது. கடலும் கப்பல் சாயமும் சேர்ந்த வெளிச்சம். நான் போய்ப் பார்த்தனான்" என்றார். செத்தவன் நிறம் என்று நான் நினைத்தது, ஒரு மனிதன் வேலையில் மூழ்கியிருக்கும் நிறம். வாழைப்பழத்தைப் படகு என்று நினைத்ததற்கும் சேர்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் பொட்டு கலையாமல் இருக்க வேண்டுமே. அம்மன் படத்தை நான் செம்பவாங் வரை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். மாஸ்டர் ஓவியத்தைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் சரோஜா என் பக்கம் திரும்பவில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நடராசன் கித்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சரோஜா சொல்லியிருந்தார். ஆனால் அம்மன் ஏன் ஓரத்தில் இருக்கிறாள் என்று அவர் கேட்டுவிட்டார், எனக்குப் பொய் வரவில்லை. கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார்.

"நல்லதுதான் சரோஜா. நாளைக்கு எமன் வந்து பார்ப்பான். 'மாலை ஆச்சு, பொட்டு ஆச்சு, இந்த ஆளு வேலை முடிஞ்சது'ன்னு திரும்பிப் போயிடுவான்."

"வாயை மூடிக்கிட்டுப் பேசாம இருங்க" என்றார் சரோஜா.

ஓவியத்தை எதிரே சாய்த்து வைத்தோம். வெகு நேரம் பார்த்தார். "கையை ஏன் ராசா இவ்வளவு பெருசா போட்ட?" என்று கேட்டார். "அதுதானே வேலை செய்யுது" என்றார் மாஸ்டர். நான் விடைபெற்றபோது நடராசன் என் கையைப் பிடித்து, மனைவி காதில் விழாதபடி, "பயமாத்தான் இருக்கு" என்றார். நல்லபடியா வருவீங்க என்று சொன்னேன்.

பத்து நாள் எங்களுக்குச் செய்தியே இல்லை. வாசலில் நிழல் விழுந்தால் காதர் பாய் நிமிர்ந்து பார்ப்பார். பதினோராம் நாள் மாஸ்டர் வந்தார்.

"ஆள் தப்பிட்டார்" என்றார்.

எனக்குப் பட்ட சூடு போதும். "தப்பிட்டார்னா? தமிழ்ல சொல்லுங்க மாஸ்டர்."

"தமிழிலைதானே சொல்லுறன்! உயிரோடை இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார்."

காதர் பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று மாலையே புது ஆர்டர் சீட்டு அச்சடிக்கக் கொடுத்தார். முதல் கேள்வி அவர் எழுதியது. அதை எடுக்கலாமா என்று யாரும் இனி என்னிடம் கேட்க வேண்டாம்.

நடராசன் கடைக்கு வந்தபோது ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியிருந்தது. ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது, சட்டை அந்தப் பக்கம் தொங்கியது. கூடவே சரோஜா. வாசலில் நின்றபடியே, "என்னைச் சாகடிச்சவர் எங்க?" என்று சத்தமாகக் கேட்டார். நான் கண்ணாடி வெட்டும் மேசையிலிருந்து கையைத் தூக்கினேன்.

"அசையாம உக்காருங்க" என்றார். பின்பலகைக்கு வைத்திருந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார், பாயின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார், முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரம் கடையில் யாரும் வேலை செய்யவில்லை. இறங்கிய தோளோடு அந்தக் கை ஓடியதை நான் அசையாமல் பார்த்தேன். மாஸ்டர் அதை ஏன் பெரிதாகப் போட்டார் என்று அப்போது தெரிந்தது.

முடித்து, தன் மனைவியிடம் நீட்டினார். சரோஜா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பாத முகம், இப்போது நேராக என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பிரேம் போட்டு வச்சுக்குங்க அண்ணே" என்றார். "பொட்டுக்கு மட்டும் அவசரப்படாதீங்க."

எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. அந்தப் படம் என் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது, இன்னும் பொட்டில்லாமல்.